பென்னாகரம் வழியாகப் போன கடலடி ஊற்று

போனவர்கள் இவர்கள். நான், சிமெண்ட் வேலை மேஸ்திரி. என் மகள் கோகிலா, பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அறிவியல் டீச்சர் சுமதி. பென்னாகரத்துக்கு முட்டை விற்கப் போகிற ராஜம்மாள், கூடையோடு. டிரைவர் ஒருவர். கண்டக்டர் ஒருவர். பெயர் தெரியாத பயணிகள் முப்பது பேர் இருக்கும். கடைசியாக ஊற்று. அதற்கும் டிக்கெட் போட்டார்கள். அதனால் சேர்த்துச் சொல்கிறேன்.

புறப்பட்ட இடம் ஏரியூர். போக வேண்டிய இடம் தருமபுரி, மாவட்ட அறிவியல் கண்காட்சி. நடுவில் பென்னாகரத்தில் பஸ் மாற வேண்டும். பத்தரை மணிக்குள் கேட்டுக்குள் போய்விட வேண்டும். போன வருடம் பஸ் டயர் பஞ்சர். கோகிலா பத்தே முக்காலுக்குப் போய், கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த வருடம் பன்னிரண்டாவது. பொதுத்தேர்வு இருப்பதால் அனுப்ப மாட்டார்கள். ஆகவே இந்த வருடம்தான். இதில் இரண்டு பேரை எடுத்து மாநிலக் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அதில் ஒன்று வேண்டும்.

ஊற்று என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. கடலைப் பார்த்ததில்லை. எங்களுக்குப் பெரிய தண்ணீர் என்றால் நாகமரையில் நிற்கிற மேட்டூர் அணைத் தண்ணீர்தான். கோகிலா சொன்னதைச் சொல்கிறேன்.

கடலுக்கு அடியில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தரை பிளந்திருக்கிறது. கடல் தண்ணீர் அதில் இறங்குகிறது. உள்ளே சூடாகிறது. கல்லில் இருக்கிற இரும்பு, கந்தகம் எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சூடு முந்நூற்றைம்பது டிகிரி இருக்குமாம். மேலே இருக்கிற தண்ணீரின் பாரத்தால் கொதிக்காதாம். வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரைத் தொட்டதும், கரைந்தது எல்லாம் தூளாகிப் புகை மாதிரி எழும்புகிறது. தூள் படிந்து படிந்து புகைபோக்கி ஒன்று தானாக வளர்கிறது. கொத்தனார் இல்லை, சாரம் இல்லை. பல மாடி உயரத்துக்குக்கூட வளருமாம். கேட்டதும் எனக்கு மரியாதை வந்தது.

அங்கே வெயில் போகாது. செடி கிடையாது. இருந்தும் சுற்றி உயிர்கள் கூட்டமாக இருக்கின்றன. பாக்டீரியா அந்தக் கந்தகத்தில் பிழைக்கிறது. அதை நம்பி மற்றவை. குழாய்ப்புழு என்று ஒன்று. வெள்ளைக் குழாய், உச்சியில் சிவப்புக் கொத்து. அதற்கு வாய் இல்லை. வயிறும் இல்லை. உள்ளே குடியிருக்கிற பாக்டீரியாவே சமைத்துக் கொடுத்துவிடுகிறது. குடிவைத்த வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வாடகை கிடையாது.

டீச்சர் தெர்மாகோலில் செய்யச் சொன்னார். எனக்குத் தெர்மாகோல் பழக்கம் இல்லை. சிமெண்ட் பழக்கம். கோழி வலையை உருட்டி, மேலே கலவை பூசி, இரண்டடி உயரத்தில் புகைபோக்கி எழுப்பினேன். மேலே மூன்று வாய். கீழே அடுப்பு மாதிரி ஒரு சின்னக் கதவு. அதற்குள் சாம்பிராணிக் கப் வைத்தால் மேலே புகை வரும். தெர்மாகோலாக இருந்தால் எரிந்துபோயிருக்கும். இதை டீச்சரிடம் சொன்னேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். தூக்க முடியவில்லை. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். முப்பத்தெட்டு கிலோ.

குழாய்ப்புழுக்களைக் கோகிலா செய்தாள். வயரிங் குழாயைத் துண்டு போட்டு, உச்சியில் சிவப்பு உல்லன் நூல் கட்டி, ஓட்டைகளில் செருகினாள். அதற்குப் பிறகு வாய் ஓரத்தில் கந்தகத்துக்கு மஞ்சள் பெயிண்ட், இரும்புக்குச் சிவப்புப் பெயிண்ட், பாக்டீரியாவுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றாள். நான் விடவில்லை. பூசி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. இருபத்தொரு நாள் தண்ணீர் கட்டி இறுக விடாத சிமெண்டில் நான் பெயிண்ட் அடிக்க விடுவதில்லை. உரிந்துவிடும்.

"கலர் இல்லாட்டி மார்க் போயிரும்ப்பா."

"உரிஞ்சாலும் போயிரும்."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது தொந்தரவாக இல்லை. நானும் அதிகம் பேசுகிறவன் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை 6.35. ஏரியூர் பஸ் நிறுத்தம். புகை சரியாக இழுக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்க்க நினைத்தேன். சாம்பிராணிக் கப்பைப் பற்றவைத்து உள்ளே வைத்தேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கப்பை ஊதி அணைத்தேன். அணைந்தது என்று நினைத்தேன். அது என் தப்பு.

நானும் இன்னொருவரும் தூக்கிப் பின்படிக்கட்டுப் பக்கம் வைத்தோம். எனக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட். பெண்களுக்கு இலவசம். கண்டக்டர் ஊற்றைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னங்க மேஸ்திரி இது?"

"வெந்நீர் ஊத்துங்க. கடலுக்கடியில இருக்கறது."

"கடலுக்கடியில இருக்கட்டும். என் பஸ்ல லக்கேஜ் இருவது ரூவா."

கொடுத்தேன். பென்னாகரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். இருபதுக்குக் கொஞ்சம் குறைவு, ஐம்பது நிமிடம் என்றார். கோகிலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரம் இருந்தது.

6.55. பஸ் வேகம் எடுத்தது. படிக்கட்டுப் பக்கம் காற்று நன்றாக அடித்தது. அடுப்புக் கதவு வழியாகக் காற்று உள்ளே போனது. அந்தக் கதவை நான்தான் காற்று போகிற மாதிரி வைத்தேன். நல்ல வேலை. மூன்று வாயிலும் புகை வந்தது.

முதலில் பார்த்தவர் கண்டக்டர். "புகை பிடிக்காதீர்" பலகையைக் காட்டினார். "யாருங்க பொகை விடறது?" என்று கேட்டார். பிறகு சாம்பிராணி வாசனை வந்தது. பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ராஜம்மாள் முட்டைக் கூடையைப் பக்கத்தில் இருந்தவர் மடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். பெரிய குரல். ஊற்றைப் பார்த்தார். மூன்று வாயைப் பார்த்தார். சிவப்புத் தலையோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் குழாய்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"ஆத்தா! புத்து!" என்றார். "குட்டி நாகம் எத்தன பாரு! வெள்ளிக்கெழமையும் அதுவுமா பஸ்லயே வந்துட்டாளே!"

எங்கள் பக்கத்தில் புற்று என்றால் மஞ்சள், குங்குமம் வைத்து, பால் ஊற்றி, முட்டை வைப்பார்கள். வெள்ளிக்கிழமை கட்டாயம். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. புற்று மாதிரிதான் இருந்தது. கோகிலா நடுவில் வந்து நின்றாள்.

"இது புத்து இல்லைங்க அக்கா. கடலுக்கடியில இருக்கற வெந்நீர் ஊத்து. அது நாகம் இல்ல, குழாய்ப்புழு."

"கடலுக்கடியிலயா?"

"ஆமாங்க. ரெண்டு, மூணு கிலோமீட்டர் ஆழம்."

"ஏங்கண்ணு, தண்ணிக்கடியில கோயில் இருக்கறது எங்களுக்குத் தெரியாதா? அணை வத்துனா நம்ம பக்கமே கோபுரம் தெரியுது. அங்க ரொம்ப வருசமா வத்தலையாட்டம் இருக்குது, நீங்க யாரும் பாக்கல."

கோகிலா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

ராஜம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து குங்குமம் எடுத்தார். இன்னொரு பெண்ணிடம் மஞ்சள்தூள் கால் கிலோ பொட்டலம் இருந்தது. கடைக்கு வாங்கியது. பிரித்துவிட்டார். மூன்று வாய் ஓரத்திலும் மஞ்சள் அப்பினார்கள். அதற்குக் கீழே குங்குமம். பால் சொசைட்டிக்குப் போகிற ஒருவர் தூக்கில் இருந்த பாலில் ஒரு டம்ளர் எடுத்து உச்சியில் ஊற்றினார். பால் வழிந்து கோடுகோடாக இறங்கியது. கோகிலா கையால் தடுத்துப் பார்த்தாள். கை முழுக்கப் பால்.

"மாடல் போச்சுப்பா," என்றாள். இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசியது அது.

"சிமெண்டு ஒண்ணும் ஆகாது," என்றேன். பால் பட்டாலும் ஈரம்தான். பதினொரு நாள் சிமெண்டுக்கு ஈரம் நல்லது.

7.20. சின்னம்பள்ளி. இறங்கியவர்கள் நிறுத்தத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். ஏறியவர்கள் கற்பூரத்தோடு ஏறினார்கள். கண்டக்டர் கற்பூரத்தை மட்டும் தடுத்தார். "டீசல் வண்டிங்க. கும்புடுங்க, கொளுத்தாதீங்க," என்றார். பஸ் ஆறு நிமிடம் நின்றது. டிரைவர் ஹாரன் அடிப்பார் என்று பார்த்தேன். அவர் இறங்கி வந்து விபூதி இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஐந்து நிமிடம். அதற்கடுத்ததில் ஒன்பது. கோகிலா ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

8.25. பென்னாகரம். ஐம்பது நிமிடப் பயணம் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ராஜம்மாள் கூடையிலிருந்து ஒரு நாட்டு முட்டை எடுத்து ஊற்றின் அடியில், குழாய்ப்புழுக்களுக்கு நடுவில் வைத்தார்.

"ஜெயிச்சுட்டு வா கண்ணு. சாயந்தரம் இங்கதான் இருப்பேன்."

"ஜெயிக்கறதுக்கு அங்க போய்ச் சேரணுங்க அக்கா."

"அத அவ பாத்துக்குவா," என்று ஊற்றைக் காட்டினார்.

8.50. தருமபுரி பஸ். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு. ஆளுக்கு இருபத்தைந்து, ஊற்றுக்கு முப்பது. பால் ஊற்றியதில் சாம்பிராணி அணைந்திருந்தது. அதனால் நிம்மதி. ஆனால் இப்போது அது குங்குமத்தோடு இருந்தது. புகை தேவைப்படவில்லை. இண்டூரில் ஒரு முழம் சாமந்தி விழுந்தது. அதகப்பாடியில் எலுமிச்சம்பழம். டீச்சர் துண்டு போட்டு மூடினார். மூடிய பிறகு இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். மூடினால் என்னமோ இருக்கிறது என்று ஆகிவிடுகிறது.

10.15. தருமபுரி பஸ் நிலையம். ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். ஊற்றை ஏற்றியதும் டயர் இறங்கியது. டிரைவர் என்னைப் பார்த்து, "இது என்னங்க, மூலவரா?" என்றார். காற்றடிக்க ஏழு நிமிடம்.

10.42. கண்காட்சி நடக்கிற பள்ளி. கேட் பூட்டியிருந்தது. போன வருடமும் இதே மாதிரி கேட்டில்தான் நின்றாளாம். வாட்ச்மேன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பத்தரைக்கு மேல யாரையும் விடக்கூடாதுன்னு உத்தரவுங்க."

டீச்சர் பேசினார். கெஞ்சினார். உத்தரவு என்றார் வாட்ச்மேன் மறுபடியும். கோகிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஊற்றை ஆட்டோவிலிருந்து இறக்கினேன். இறக்கும்போது துண்டு நழுவியது.

வாட்ச்மேன் எழுந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"ஆளுங்கள விடக்கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்றார். "சாமிய வெளிய நிறுத்தி வைக்கச் சொல்லி யாரும் சொல்லல."

காலையிலிருந்து சாமி இல்லை, சாமி இல்லை என்று தொண்டை வற்றச் சொன்னவள் கோகிலா. இப்போதும் வாயைத் திறந்தாள். சுமதி டீச்சர் அவள் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார். கோகிலா வாயை மூடினாள்.

கேட் திறந்தது. வாட்ச்மேன் ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே போனார். பதிவு மேசையில் இருந்தவர் நோட்டை மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. எழுந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. எண் போட்டுக் கொடுத்தார். நாற்பத்தேழு.

12.30. நடுவர் வந்தார். வயதான மேடம். கழுத்தில் கண்ணாடி தொங்கியது. எங்களுக்கு முன்னால் இருந்த மூன்று மேசையிலும் எரிமலை. சோடா மாவு, வினிகர். மேடம் புடவையில் மூன்று எரிமலையின் கறையும் இருந்தது. எங்கள் மேசைக்கு வந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"இது என்னம்மா?"

கோகிலா சொன்னாள். பிளவு, சூடு, கந்தகம், கரும்புகை, பாக்டீரியா, வாயில்லாத புழு. நிறுத்தாமல் சொன்னாள். நான் புதுச் சாம்பிராணிக் கப் வைத்தேன். மூன்று வாயிலும் புகை வந்தது. நன்றாக இழுத்தது.

"அது கரும்புகைன்னு சொன்ன. இது வெள்ளையா இருக்குதே?"

"வெள்ளைப் புகை விடற ஊத்தும் இருக்குதுங்க மேடம். அது சூடு கம்மி. கால்சியம், சிலிக்கா அதிகம்."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வாய் ஓரத்தைப் பார்த்தார்.

"இந்த மஞ்சள், கந்தகமா?"

நான் கோகிலாவைப் பார்த்தேன். ஆமாம் என்றால் போதும்.

"மஞ்சத்தூளுங்க மேடம்."

"சிவப்பு?"

"குங்குமம்."

"இந்த வெள்ளைக் கோடு?"

"பாலுங்க மேடம். பஸ்ல ஊத்திட்டாங்க. புத்துன்னு நெனச்சுட்டாங்க. நான் சொன்னேன், கேக்கல."

மேடம் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீ கலர் குடுத்திருந்தா எங்கெங்க குடுத்திருப்ப?"

"வாய் ஓரத்துல மஞ்சள். அதுக்குக் கீழ சிவப்பு. பாக்டீரியாப் படலத்துக்கு வெள்ளை, மேலருந்து கீழ."

"அப்படியேதானே இருக்குது."

"ஆமாங்க மேடம். அவுங்களாவே போட்டாங்க."

"இந்த முட்டை எதுக்கு?"

கோகிலா யோசித்தாள். "அது ராஜம்மாக்காவுதுங்க மேடம். அதுக்குக் கடல்ல ஒண்ணும் இல்ல."

மேடம் சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். எரிமலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவு இருட்டில், அவ்வளவு தூரத்தில், புதிதாக ஓர் ஊற்று வெடித்தால், உயிர்கள் எப்படித் தேடி வந்து சேருகின்றன?

"முழுசாத் தெரியலைங்க மேடம். குஞ்சுப் பருவத்துல தண்ணியோட மெதந்து வரும்னு படிச்சேன்." நிறுத்தினாள். "ஆனா இன்னிக்குப் பஸ்ல பாத்தேன். பொகை வந்து அஞ்சு நிமிசத்துல எல்லாரும் வந்துட்டாங்க."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார்.

3.45. முடிவு சொன்னார்கள். முதலிடம் ஒரு சோலார் வண்டி. இரண்டாமிடம் எண் நாற்பத்தேழு. இரண்டு பேரும் மாநிலக் கண்காட்சிக்குப் போக வேண்டும். ஒன்றரை மாதம் இருக்கிறது. கோகிலா குதிக்கவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளும் என்னைப் போலத்தான். டீச்சர்தான் குதித்தார்.

மாலை 5.40. பென்னாகரம். ஏரியூர் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு புங்கமரம். பக்கத்தில் டீக்கடை. ஊற்றை மரத்தடியில் வைத்துவிட்டு டீ குடித்தோம். இது என் இரண்டாவது தப்பு. டீயைப் பாதி குடிப்பதற்குள் ராஜம்மாள் வந்துவிட்டார். கூட எட்டுப் பெண்கள்.

"நம்ம புத்து ஜெயிச்சுடுச்சா?"

"ரெண்டாவதுங்க அக்கா."

"மொதல்ல யாரு?"

"சோலார் வண்டி. வெயில்ல ஓடறது."

"வெயில் இல்லாத நாள்ல என்ன பண்ணுவானாம்?" என்றார். கோகிலா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்தது அப்போதுதான்.

பஸ் வந்தது. நான் ஊற்றைத் தூக்கக் குனிந்தேன். அதற்குள் மரத்தையும் அதையும் சேர்த்து மஞ்சள் கயிறு சுற்றியிருந்தார்கள். பஸ் படியில் காலையில் வந்த அதே கண்டக்டர். கையை நீட்டித் தடுத்தார்.

"மேஸ்திரி, உங்கள ஏத்தறேன். அத ஏத்த மாட்டேன். காலையில நாப்பது நிமிசம் லேட்டு. டிப்போவுல என்னன்னு எழுதுவேன், புத்து ஏறுச்சுன்னா?"

"அது என் மாடல்ங்க," என்றாள் கோகிலா. குரல் உடைந்தது. "அது இல்லாம மாநிலத்துக்கு நான் எப்படிங்க போறது?"

"வந்து ஒக்காந்த எடத்துலருந்து எழுப்பக்கூடாது கண்ணு," என்றார் ராஜம்மாள். "அவதானே ஒன்னய ஜெயிக்க வச்சா. விடு."

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அது கடைசிக்கு முந்தின பஸ். கோகிலா ஊற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மறுபடி செய்வியாப்பா?"

"செய்வேன்."

"ஒன்றர மாசம்தான் இருக்குது."

"இருவத்தொரு நாள் தண்ணி கட்டலாம். பெயிண்டும் அடிக்கலாம்."

ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரியூர் வரைக்கும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். அளவு போடுகிறாள் என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவதும் சிமெண்ட்தான். தெர்மாகோல் பற்றி டீச்சர் மறுபடி பேசவில்லை. எடை நாற்பத்தொன்று. இருபத்தொரு நாள் தண்ணீர் கட்டினேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்றும் கோகிலா அடித்தாள். உரியவில்லை.

மாநிலக் கண்காட்சிக்குப் போகிற அன்று அதைச் சாக்குப்பையில் கட்டினோம். வெளியே "கோழித் தீவனம்" என்று கோகிலா எழுதினாள். சாம்பிராணி டீச்சர் பையில். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சரியாக ஐம்பது நிமிடத்தில் பென்னாகரம்.

அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. புங்கமரத்தடிக்குப் போனோம். தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி கடை விரித்திருந்தாள். டீக்கடைக்காரர் பெஞ்சை இந்தப் பக்கம் திருப்பியிருந்தார். ராஜம்மாள் முட்டைக் கூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் எங்கேயும் கூவிக்கொண்டு போவதில்லையாம். முட்டை அங்கேயே தீர்ந்துவிடுகிறதாம். சாக்குப்பையைத் தட்டிப் பார்த்தார்.

"இது ஆத்தாவோட தங்கச்சியா?"

"கோழித் தீவனங்க," என்றேன்.

"ஆமாமா," என்றார். ஒரு முட்டையை எடுத்துக் கோகிலா கையில் கொடுத்தார். "இத அந்தக் கோழிக்குக் குடு."

கோகிலா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு ஊற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கும்பிடுகிறாள் என்று ராஜம்மாள் நினைத்தார். அவள் நோட்டை எடுத்தாள். கடலடி ஊற்றில் இப்படித்தான் கணக்கெடுப்பார்களாம், தனித்தனியாக இல்லை, வகை வகையாக.

பால் வழிந்த இடத்தில் எறும்பு. அதற்கு மேலே ஈ. நடு வாயில் தலையை நீட்டிக்கொண்டு ஓர் அரணை. முட்டைக்காகக் காத்திருக்கிற காகம். பாலுக்கு வந்த பூனை. பூனையைப் பார்க்கிற நாய். மாலையைத் தின்கிற ஆடு. பூக்காரி, டீக்கடைக்காரர், ராஜம்மாள், வரிசையில் நின்ற பதினான்கு பேர் எல்லோரையும் ஒரே வகையாகத்தான் எழுத வேண்டும் என்றாள்.

ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் வீட்டையும் எழுதினாள். நான், அவள் அம்மா, அவள், ஓட்டில் ஒரு பல்லி. இரண்டு வகை. இங்கே எழுதி முடித்துக் கோடு போட்டுக் கூட்டினாள்.

எட்டு.